மந்திரி எப்படி மாண்டரின் ஆனார்? சீனாவை மேற்குலகம் பார்த்த விதம்

சீனாவின் பொது மொழியை உலகம் மாண்டரின் என்று அழைக்கிறது. சீனர்களோ அதைப் புதோங்ஹுவா என்கிறார்கள். பொதுப் பேச்சு என்று பொருள். மாண்டரின் என்பது நம் பக்கத்துச் சொல். வடமொழியில் மந்திரின், நமக்கு மந்திரி. அது கடல் கடந்து மலாய் மொழியில் மெந்தெரி ஆயிற்று. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் அங்கே இந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ஆணையிடுவதைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலியில் இருந்ததால் நாக்கில் எளிதாக ஒட்டிக்கொண்டது. அடுத்துச் சீனக் கரையில் இறங்கியபோது, அங்கே கண்ட அரசு அதிகாரிகளுக்கும் அதையே சூட்டினார்கள். அந்த அதிகாரிகள் தங்களைக் குவான் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு அவர்கள் பேசிய மொழிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மேற்கத்தியர் சீனாவை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்ற பெரிய வரலாற்றுக்குள் நுழைய இந்தச் சொல் நல்ல வாசல். புது நாட்டுக்குப் போகிறவர் வெறுங்கண்ணோடு போவதில்லை. வழியில் பழகிய சொல், ஊரில் படித்த நூல், அனுப்பி வைத்தவர்கள் சொல்லிவிட்ட வேலை எல்லாம் கூடவே போகின்றன. அவற்றை வைத்தே கண்ணில் படுவதற்குப் பெயரிடுகிறார். எல்லா மக்களும் இப்படித்தான். வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்றும், குழிந்த இரும்புச் சட்டியைச் சீனச்சட்டி என்றும் சொல்லும் நாமும் கப்பலில் வந்த சரக்கு வழியாகத்தான் அந்த நாட்டை முதலில் அறிந்தோம். அந்தப் பெயரை நம்பி ஒரு நாட்டின் மேல் தீர்ப்பெழுதி, அந்தத் தீர்ப்பின் மேல் போரும் சட்டமும் கட்டும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

பட்டு காய்க்கும் மரம்

ரோமானியர்களுக்குச் சீனர்கள் 'சேரெஸ்', அதாவது பட்டுக்காரர்கள். முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி, பட்டு என்பது அந்நாட்டு மர இலைகளின் மேல் படரும் மென்மயிர் என்றும், நீர் தெளித்து அதைச் சீவி எடுக்கிறார்கள் என்றும் எழுதினார். துணியைத் தொட்டுப் பார்த்தவர், நெய்தவர்களைப் பார்த்தவரில்லை. ரோமிலிருந்து சீனாவரை இடையில் இருந்த வணிகர்கள் எத்தனையோ கை. ஒவ்வொரு கையும் சரக்கைக் கடத்தியது, சேதியைக் கடத்தவில்லை. பட்டுப்புழு என்ற உயிர் இருப்பதை மேற்கு நேரில் கண்டது ஏறத்தாழ 552-இல், துறவிகள் சிலர் அதன் முட்டைகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஒளித்துக் கொண்டுவந்தபோதுதான்.

நேரில் போய்ப் பார்த்து எழுதியவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் மார்க்கோ போலோ. 1271-இல் வெனிஸிலிருந்து கிளம்பியவர், மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் ஆட்சியில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு 1295-இல் ஊர் திரும்பினார். பிறகு ஜெனோவா சிறையில் உடனிருந்த எழுத்தாளர் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்ல, அது நூலாயிற்று. திரும்பும் வழியில் கண்ட நம் காயல் துறைமுகமும் முத்துக்குளிப்பும்கூட அதில் உண்டு. காகிதப் பணத்தையும், எரியும் கறுப்புக் கல்லான நிலக்கரியையும் வியந்து விவரித்தவர் தேநீரைப் பற்றியோ, உணவுக் குச்சிகளைப் பற்றியோ, பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கிய வழக்கத்தைப் பற்றியோ பேசவில்லை. இதனால் அவர் சீனாவுக்கே போகவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு வேறு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. அவர் வாழ்ந்தது ஆட்சி செலுத்திய மங்கோலியர்களுக்கும் மேற்காசிய வணிகர்களுக்கும் நடுவே. சீன ஊர்ப் பெயர்களைப் பல இடங்களில் பாரசீக வழக்கில்தான் தருகிறார். சீனக் குடும்பம் ஒன்றின் அடுக்களை வாசலை அவர் மிதித்திருக்க வாய்ப்புக் குறைவு.

உடை மாற்றிய மனிதர்

இந்த வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கும் மனிதர் மத்தேயோ ரிச்சி. இத்தாலியர், இயேசு சபைக் குரு. கோவாவில் படித்து, 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582-இல் மக்காவு வந்தார். அடுத்த ஆண்டு தென் சீனாவின் ஜாவ்சிங் நகரில் குடியேறினார். சமயம் சொல்ல வந்தவர் சமயத் துறவியைப் போல் இருந்தால் மதிப்பார்கள் என்ற கணக்கில் அவரும் தோழரும் தலையை மழித்துப் பௌத்தத் துறவியின் அங்கி அணிந்தார்கள். அந்தக் கணக்கு தவறு என்று புரிய ஆண்டுகள் பிடித்தன. மிங் அரசகாலச் சீனாவில் மரியாதை முழுவதும் தேர்வெழுதித் தேறிய அறிஞர்கள் பக்கம் இருந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு துறவிக்குச் சமமான ஆசனம் கிடைக்காது.

1595-இல் ரிச்சி தாடியும் முடியும் வளர்த்து, அறிஞர்கள் உடுத்தும் பட்டு அங்கிக்கு மாறினார். அதே ஆண்டு நட்பைப் பற்றிச் சீன மொழியிலேயே ஒரு சிறுநூல் எழுதினார். தன் சமயத்தை அல்ல, நட்பை முதலில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் பேசியிருக்கிறார்! 1601-இல் பெய்ஜிங் நகரில் தங்க அனுமதி கிடைத்தது. பேரரசர் வான்லி அவரை ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த கடிகாரங்கள் தாமே மணி அடிப்பதில் சொக்கிப்போனார். 1602-இல் ரிச்சி அச்சிட்ட உலகப் படத்தில் எழுத்தெல்லாம் சீனம். சீனா படத்தின் நடுப்பகுதியை ஒட்டி வந்தது. 1607-இல் சூ குவாங்ச்சி என்ற அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீனத்தில் கொண்டுவந்தார். வடிவியலுக்கு அதில் அவர்கள் வைத்த ஜீஹே என்ற சொல்லைத்தான் இன்றும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1610-இல் இறந்தபோது, அவரைப் புதைக்கப் பேரரசரே பெய்ஜிங்கில் நிலம் தந்தார்.

ரிச்சி கண்ட காட்சி என்ன என்பதுதான் அடுத்த நூறாண்டுச் சண்டைக்கு விதை. சீனக் குடும்பங்கள் முன்னோர் பெயர் பொறித்த பலகையின் முன் ஊதுபத்தி ஏற்றி, உணவு படைத்து, தலை தாழ்த்தி வணங்குகின்றன. அறிஞர்கள் குங் ஃபூஸியை வணங்குகிறார்கள். (அந்தப் பெயரை லத்தீனாக்கி கன்ஃபூசியஸ் என்று உலகுக்குத் தந்ததும் இயேசு சபையார்தான்.) இது வழிபாடா, மரியாதையா? மரியாதை என்றார் ரிச்சி. கிறித்தவராகும் சீனர் இதைத் தொடரலாம் என்றார். பின்னால் வந்த வேறு சபைத் துறவிகள் இதைச் சிலை வணக்கம் என்று ரோமுக்குப் புகார் எழுதினார்கள்.

இதே கேள்வி அப்போது நம் மண்ணிலும் எழுந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, ரிச்சியைப் போலவே இயேசு சபைக் குரு. அவர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். பூணூல், சந்தனம், குடுமி இவையெல்லாம் குல வழக்கமா, சமயச் சடங்கா என்ற வழக்கு அவர் மீதும் வந்தது. இந்த இரண்டு வழக்கும் ஒரே மனிதர் கையில் வந்து விழுந்தன. திருத்தந்தை அனுப்பிய தூதர் தெ தூர்னோன் முதலில் புதுச்சேரியில் இறங்கி, 1704-இல் தமிழ்க் கிறித்தவர்களின் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணையிட்டுவிட்டு, அங்கிருந்து சீனாவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அரியணையில் இருந்தவர் காங்ஷி. மேற்கத்தியக் கணிதமும் வானியலும் தாமே கற்ற பேரரசர். முன்னோர் வணக்கம் நன்றியின் அடையாளமே, அருள் கேட்கும் வழிபாடு அல்ல என்று 1700-லேயே இயேசு சபையாரின் வேண்டுகோளை ஏற்று உறுதி சொல்லியிருந்தார். அவருக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான்: எங்கள் வழக்கத்தின் பொருளை நாங்கள் சொல்கிறோம், அதை மறுத்துத் தீர்ப்புச் சொல்ல எங்கள் மொழியே அறியாதவர் யார்? அந்த வழக்கங்களைத் தம் பகுதியில் முன்பே தடைசெய்திருந்த பிரெஞ்சுப் பாதிரியார் மெக்ரோவை 1706-இல் வரவழைத்து, அரியணைக்குப் பின்னால் இருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவரால் முழுதும் படிக்க முடியவில்லை. ஆனாலும் ரோம் தன் தீர்ப்பை மாற்றவில்லை. 1715-இல் திருத்தந்தை தடையை உறுதிசெய்தார்; காங்ஷியும் தம் பங்குக்கு அவர்களின் பிரசாரத்துக்குத் தடை விதித்தார். சீனக் கத்தோலிக்கர் முன்னோர் பலகை முன் தலை வணங்கலாம் என்று ரோம் ஒப்புக்கொண்டது 1939-இல். இடையில் இருநூறு ஆண்டுக்கும் மேல், தாத்தாவின் பெயருக்கு முன் ஊதுபத்தி ஏற்றலாமா என்ற கேள்வி ஒவ்வொரு கிறித்தவச் சீன வீட்டையும் அரித்திருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

பாரிஸில் இருந்து பார்த்த சீனா

குருமார்கள் எழுதி அனுப்பிய கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சேறின. அவற்றைப் படித்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேருக்கு, திருச்சபையின் பிடி இல்லாமல் அறிவாளிகள் ஆளும் நாடு கிடைத்தது. தம் உலக வரலாற்று நூலின் முதல் அத்தியாயத்தையே சீனாவுக்குக் கொடுத்தார். அவர் காலத்தவரான மாண்டெஸ்கியூவுக்கு அச்சத்தால் ஆளப்படும் கொடுங்கோன்மை கிடைத்தது. 1748-இல் வெளிவந்த அவர் நூல் அப்படித்தான் சொல்கிறது. இவர் இளமையில் பாரிஸில் வசித்த ஹுவாங் என்ற சீனரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டுக் குறிப்பெடுத்தவர். இருவரும் சீனாவுக்குப் போனதில்லை. இருவரின் உண்மையான கவலையும் பிரான்ஸ்: அங்கே மன்னர் கையில் எவ்வளவு அதிகாரம், பாதிரிமார் கையில் எவ்வளவு? சீனா அந்த வாதத்துக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது. இன்று மேற்கத்திய இதழ்களில் சீனாவைப் பற்றிய கட்டுரை படிக்கும்போதும் இந்தக் கேள்வியை நான் கூடவே வைத்துக்கொள்கிறேன்: எழுதியவரின் சொந்த ஊர்க் கவலை இதில் எது?

அதே காலத்தில் மாளிகைகளில் சீன மோகம் பரவியது. பீங்கான், அரக்குப் பெட்டி, பறவை வரைந்த சுவர்த்தாள் எல்லாம் வந்தன. லண்டனின் கியூ தோட்டத்தில் 1762-இல் பத்தடுக்குப் பகோடா எழுந்தது. நீலமும் வெள்ளையுமான பீங்கான் தட்டில் வில்லோ மரம், பாலம், இரண்டு பறவைகள் கொண்ட புகழ்பெற்ற சித்திரம் இங்கிலாந்திலேயே வரையப்பட்டது. அதற்குச் சொல்லப்படும் சீனக் காதல் கதையும் அங்கேயே புனையப்பட்டது.

முழங்கால் ஒன்று, வணக்கம் ஒன்பது

1793-இல் பிரிட்டிஷ் அரசரின் தூதராகச் சீனா சென்றவர் மக்கார்ட்னி பிரபு. 1781 முதல் 1785 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் இவரே. ஆற்காட்டு நவாபோடும் திப்பு சுல்தானோடும் பேரம் பேசிப் பழகியவர். பெய்ஜிங்கில் நிரந்தரத் தூதரகம், கூடுதல் துறைமுகங்களில் வணிக உரிமை, கரையோரம் ஒரு சிறு தீவு இவற்றைக் கேட்பது அவர் வேலை. கொண்டுபோன பரிசுகளில் கோள்களின் சுழற்சியைக் காட்டும் பெரிய பொறியும் இருந்தது.

அவரிடம் இல்லாதது மொழி. இங்கிலாந்து முழுக்கத் தேடியும் சீனம் அறிந்தவர் கிடைக்கவில்லை. கடைசியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் குருத்துவம் பயின்ற இரண்டு சீனர்களை மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே பிரிட்டிஷார் சீனரோடு பேசியது இத்தாலியத்தையும் லத்தீனையும் இடையில் வைத்து. தூதுக்குழு சென்ற படகுகளில் சீன அதிகாரிகள் கட்டிய கொடிகள், இங்கிலாந்திலிருந்து திறை கொண்டுவரும் தூதர் என்று அறிவித்தன. மக்கார்ட்னிக்கு அது தெரிந்தும் பேசாமல் இருந்தார்.

பேரரசர் சியென்லுங் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றி தரையில் பட வணங்குவது முறை. மக்கார்ட்னி தம் அரசருக்குச் செய்வதுபோல் ஒற்றை முழங்கால் மடித்தார். கோரிக்கைகள் எல்லாம் மறுக்கப்பட்டன. உங்கள் நாட்டுப் பொருள்கள் எங்களுக்குத் தேவையில்லை என்ற பேரரசரின் கடிதத்தை இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்கள். உலகம் அறியாத கர்வம் என்றார்கள். ஆனால் அந்த அரண்மனை மேற்கத்தியக் கடிகாரங்களால் நிறைந்திருந்தது. கடிதத்தை அனுப்பிய கையோடு கரையோரக் காவலைப் பலப்படுத்தவும் பேரரசர் உத்தரவிட்டார். விழிப்போடு இருந்தவர் வாசலைச் சாத்தினார் என்றே நான் இதை வாசிக்கிறேன். கேட்டதில் ஒரு தீவும் இருந்ததல்லவா?

அந்த அவையில் ஒரு சிறுவனும் இருந்தான். துணைத் தூதரின் மகன் ஸ்டான்டன், வயது 12. கப்பலில் அந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் சீனம் கற்றுக்கொண்டவன். பேரரசரிடம் சீனத்தில் சில சொற்கள் பேச, அவர் மகிழ்ந்து தம் இடுப்பில் இருந்த பணப்பையை அவிழ்த்து அவனுக்குக் கொடுத்தார். அவன் வளர்ந்து சீனச் சட்டத் தொகுப்பை 1810-இல் ஆங்கிலத்தில் தந்தான். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். 1840 ஏப்ரலில், அபின் வணிகத்துக்காகச் சீனா மீது தொடுத்த போர் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. உறுப்பினர்களில் சீனத்தை நன்கு அறிந்த ஸ்டான்டன் போரை ஆதரித்துப் பேசினார். அரசு 9 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. மொழி தெரிந்தால் புரிதல் தானே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் நடந்தவை வேகமாகவும் கசப்பாகவும் நடந்தன. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்தில் விற்கும் வழி பீரங்கியால் திறக்கப்பட்டது. 1842-இல் ஹாங்காங் பறிபோனது. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தைக் கொள்ளையடித்தன; பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி அது எரிக்கப்பட்டது. வால்டேரின் ஞானிகள் நாடு இப்போது தேங்கிய நாடு, நோயாளி நாடு. 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வருவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1890-களில் 'மஞ்சள் அபாயம்' என்ற சொல் ஐரோப்பிய நாவுகளில் உலவியது. சீனா ஒரு நூற்றாண்டுக்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டதென்று மட்டும் இதை விளக்க முடியாது. பார்த்தவர்களின் கையில் துப்பாக்கி வந்திருந்தது.

ஒரே மனிதரின் இரண்டு தீர்ப்புகள்

அந்த இருண்ட காலத்திலும் மெல்ல மாறிய கண்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் லெக் 1843 முதல் ஹாங்காங்கில் பாதிரியார். சீனச் செவ்வியல் நூல்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1861-இல் வந்த முதல் தொகுதியில், நீண்ட ஆய்வுக்குப் பிறகும் கன்ஃபூசியஸைப் பெரிய மனிதராக என்னால் கருத முடியவில்லை என்று எழுதினார்.

அடுத்த ஆண்டு ஷாங்ஹாயிலிருந்து தப்பி வந்த வாங் தாவ் என்ற அறிஞர் அவரோடு சேர்ந்தார். பழைய உரைகளைத் தேடித் தொகுத்து, கடினமான இடங்களுக்குக் குறிப்பெழுதிக் கொடுத்தார். லெக் ஸ்காட்லாந்து திரும்பியபோது வாங் தாவும் 1867-இல் அங்கே போய், 1870 வரை இருந்து வேலையைத் தொடர்ந்தார். 1873-இல் பெய்ஜிங்கின் வானகக் கோவிலுக்குச் சென்ற லெக், மேடையில் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். பிற மதத்தார் இடத்தில் ஒரு பாதிரியார் இப்படிச் செய்யலாமா என்று சக பாதிரிமார் பொங்கினார்கள். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு அந்தச் செய்கையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1893-இல் அந்த முதல் தொகுதியின் திருத்திய பதிப்பு வந்தது. படிக்கப் படிக்க கன்ஃபூசியஸ் மீது மதிப்புக் கூடியது, அவர் மிகப் பெரிய மனிதர் என்று லெக் பழைய வரியை மாற்றி எழுதினார். 32 ஆண்டுகள் ஆயின. தன் தீர்ப்பை அச்சிலேயே மாற்றிக்கொள்ளும் நேர்மை எளிதானது அல்ல.

நம் காலத்திலும் கேட்க விரும்புவதையே கேட்கும் பழக்கம் போகவில்லை. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா சென்றபோது, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பிரதமர் சௌ என்லாயிடம் கேட்டார்களாம். இப்போதே சொல்ல முடியாது என்றாராம். ஆயிரம் ஆண்டுகளை ஒரு நொடியாக எண்ணும் சீன ஞானம் என்று உலகம் வியந்தது. உண்மையில் சௌ பேசியது நான்காண்டு முன்பு, 1968-இல் பாரிஸில் நடந்த மாணவர் கிளர்ச்சியைப் பற்றி என்று அன்று மொழிபெயர்ப்பாளராக இருந்த சாஸ் ஃப்ரீமன் 2011-இல் தெளிவுபடுத்தினார். திருத்த மனம் வராத அளவுக்கு அந்தப் பிழை சுவையாக இருந்தது என்றும் சொன்னார். இன்றும் மேடைகளில் பழைய கதைதான் ஓடுகிறது.

கடைசியாக ஜோசப் நீடாம். கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் ஆய்வாளர். சீனாவைப் பற்றித் தனி அக்கறை எதுவும் இல்லாதவர். 1937-இல் நான்ஜிங்கைச் சேர்ந்த லு குவெய்-ஜென் என்ற பெண் ஆய்வாளரும் இன்னும் சிலரும் அங்கே மேற்படிப்புக்கு வந்தார்கள். அவர்களோடு பேசப் பேச நீடாமுக்குள் கேள்விகள் முளைத்தன. லுவிடம் சீனம் கற்றார். போர்க்காலத்தில் 1943 முதல் மூன்றாண்டு சீனாவில் தங்கி, ஆய்வுக்கூடங்களுக்கு உதவிகள் கொண்டுசேர்த்தபடியே பழைய நூல்களைத் தேடித் திரட்டினார். அச்சு, வெடிமருந்து, காந்த ஊசி, இரும்பு வார்ப்பு, வானியல் என்று சீன அறிவியலின் வரலாற்றைச் சீன மூலங்களிலிருந்தே எழுதத் தொடங்கினார். பல பாகங்களாக விரிந்த அந்தப் பெருநூலின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. அதை அவர் காணிக்கையாக்கியது லு ஷி-குவோ என்பவருக்கு. நான்ஜிங் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர்; லு குவெய்-ஜென்னின் தந்தை.